மணல்தானே என்று நினைக்காதீங்க!



கடலோரக் கிராமங்களில் குழுக் கூட்டம் நடக்கும்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "எங்க ஊர்ல என்னக்கா இருக்கு, வெறும் மணலு. செம்மண்ணு இருக்கிற ஊர்க்காரங்க கொடுத்து வச்சவங்க." அதே கூட்டத்தில் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பேச்சு வரும். "நல்லா இருந்த கிணறு இப்போ கரிக்குது. ஆழமா போர் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. கடன் கிடைக்குமா?" இந்த இரண்டு பேச்சுக்கும் சம்பந்தம் இருக்கிறது. மணலைப் பற்றி நமக்குச் சரியாகத் தெரியாததால்தான் இரண்டாவது பேச்சே வருகிறது. அதனால் இந்த இதழில் நெம்மேலிப் பக்கத்து மணலைப் பற்றி விரிவாகப் பார்ப்போம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை, அதற்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர்களுக்கும், இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கடலில் இருந்து மேற்கே நடந்தால்...

நெம்மேலியில் கடற்கரையில் நின்று மேற்கே பார்த்து நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அலை வந்து போகும் ஈர மணல். அதைத் தாண்டினால் மணல் மேடு. அதன் மேல் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும். காலைக் குத்தும் ராவணன் மீசைப் புல் இருக்கும். பிறகு குப்பம், சவுக்குத் தோப்பு, பனை, தென்னை, கிழக்குக் கடற்கரைச் சாலை. சாலையைத் தாண்டியும் மணல்தான். அங்கேதான் நம் கொல்லைகளும் பழைய கிணறுகளும் இருக்கின்றன. இன்னும் மேற்கே போனால் நிலம் மெல்லச் சரியும். பக்கிங்காம் கால்வாய் வரும். கால்வாயை ஒட்டி உப்பங்கழி, சேற்று நிலம். வெயில் காலத்தில் அந்த நிலம் வெடித்து, மேலே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். திருப்போரூர் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தப் பள்ளத்தையும் அதில் நிற்கும் கொக்கு, நாரைகளையும் தினமும் பார்க்கிறீர்கள். அதையும் தாண்டித் திருப்போரூர் பக்கம் ஏறினால்தான் செம்மண், சரளை, பாறைக் குன்று, ஏரி, ஏரிக்குக் கீழே களிமண் வயல்.

சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மூன்று விதமான மண் நம்மிடம் இருக்கிறது. நம் ஊர் மணல் மேடு கிழக்கே கடலுக்கும் மேற்கே உப்பங்கழிக்கும் நடுவில், இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் இருக்க, முதுகு மாதிரி நீண்டு கிடக்கிறது. இந்தப் படத்தை மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் எல்லாமே இதை வைத்துத்தான்.

இந்த மணல் எங்கிருந்து வந்தது? ஆறுகள் கடலில் கொண்டு சேர்த்ததை அலை கரையில் ஒதுக்க, காற்று அள்ளி மேடாக்கியது. இது ஒரு இடத்தில் சும்மா இருக்கிற பொருள் கிடையாது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு பாறையில் இருந்த கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. 2005-இல் தொல்லியல் துறை அந்த இடத்தைத் தோண்டியபோது, மணலுக்கு அடியில் செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. ஒரு கோயிலையே மூடி வைக்கிற அளவுக்கு மணல் நகரும்! அடப்பங்கொடியும் ராவணன் மீசையும்தான் அதைக் கட்டிப் பிடித்து வைப்பவை. களைச்செடி என்று நினைத்து அவற்றைப் பிடுங்கிப் போடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சவுக்கு பின்னால் வந்த மரம். விறகுக்காகவும் மணலை நிறுத்தவும் 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரையில் பரவலாக நட ஆரம்பித்தார்கள்.

மணலின் குணம்

மணல் ஒரு துகள் என்றால், களிமண் துகள் அதில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. பெரும்பாலும் அதைவிட மிக மிகச் சிறியது. 2 மில்லிமீட்டரில் இருந்து 0.05 மில்லிமீட்டர் வரை உள்ளதை மணல் என்கிறார்கள். 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பது களி. ஒரு கூடையில் எலுமிச்சம்பழத்தை நிரப்பினால் நடுவில் சந்து இருக்கும், தண்ணீர் ஊற்றினால் ஓடிவிடும். அதே கூடையில் கேழ்வரகு மாவை நிரப்பித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மேலேயே நிற்கும். மணலுக்கும் களிக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அதனால்தான் மணலில் மழை பெய்தால் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிடும். களிமண்ணில் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் இறங்கும். மிச்சம் ஓடிப் போகும், இல்லையென்றால் தேங்கும். ஐப்பசி மழையில் மற்ற ஊர்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, நம்ம மேட்டில் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தரை காய்ந்து கிடப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் உள்ளே போகிற தண்ணீரை மேல் மண் பிடித்து வைக்காது. ஒரு அடி ஆழ மணல், பயிர் எடுத்துக்கொள்ளும் விதமாக ஒரு அங்குலத்துக்கும் குறைவான தண்ணீரைத்தான் வைத்திருக்கும். நல்ல களி கலந்த மண் ஏறத்தாழ இரண்டு அங்குலம் வைத்திருக்கும். எருவும் அப்படித்தான். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டிவிட்டு நன்றாகத் தண்ணீர் விட்டால், அது வேருக்குக் கீழே இறங்கி நேராக நம் குடிநீர்க் கிணற்றுக்குப் போய்ச் சேரும். காசும் போச்சு, தண்ணியும் கெட்டுச்சு. மணலுக்கு எருவும் தண்ணீரும் கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுவது மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை.

மழையும் வெயிலும்

நமக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் மழை. இதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில், அதாவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆரம்பத்தில் வந்துவிடும். ஆடி, ஆவணியில் சாயங்கால இடி மழை கொஞ்சம் கிடைக்கும். தை முதல் வைகாசி வரை வானத்தை நம்ப முடியாது. அக்னி நட்சத்திரத்தில் வெறும் காலோடு மணலில் நடக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். செடியின் வேர் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

அதோடு கடல் காற்று. மத்தியானத்துக்கு மேல் குளிர்ச்சியாக வீசுகிற காற்று, கூடவே உப்புத் தூவலையும் கொண்டு வரும். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் முருங்கை இலை கருகி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பிறகு புயல். 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் நம் மாமல்லபுரம் அருகிலேயே கடந்தது. மேடும் சவுக்கும் இருக்கிற இடத்துக்கும், மேட்டைத் தட்டி மட்டமாக்கிய இடத்துக்கும் வித்தியாசம் அப்படிப்பட்ட ராத்திரியில்தான் தெரியும்.

நல்ல தண்ணி எங்கிருந்து வருது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், பத்துப் பதினைந்து அடி தோண்டினால் இனிப்பான தண்ணீர் கிடைக்கிறதே, எப்படி? யாரைக் கேட்டாலும் "கடல் தண்ணியை மணல் வடிகட்டிக் கொடுக்குது" என்பார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். இது தவறு!

மணல் அழுக்கை வடிகட்டும், உப்பை வடிகட்டாது. சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைத்து, மணல் நிரப்பிய ஓட்டை டப்பாவில் ஊற்றிக் கீழே வருவதை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். உப்பு தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து போயிருக்கிறது, அதற்கு மணல் சந்து பெரிய வாசல். கடல் தண்ணீரில் இருந்து உப்பை எடுக்க வேண்டுமென்றால் என்ன செலவாகும் என்பதற்கு நம் நெம்மேலியிலேயே சாட்சி இருக்கிறது. 2013-இல் தினம் 10 கோடி லிட்டர் தரும் ஆலை இங்கே திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் இன்னும் 15 கோடி லிட்டருக்கான ஆலை திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஆலைகளில் ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் கரண்ட் செலவாகும். மணல் அந்த வேலையைச் சும்மா செய்யுமென்றால் ஆலை எதற்கு?

நம் கிணற்றில் இருப்பது மழைத் தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் பெய்தது மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் உட்கார்ந்திருக்கிறது. எப்படி மேலே நிற்கும் என்று கேட்பீர்கள். விதை நெல் தேர்வு செய்யும்போது என்ன செய்கிறோம்? தண்ணீரில் முட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மேலே வரும். உப்புத் தண்ணீர் கனம் அதிகம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால், ஒரு லிட்டர் கடல் தண்ணீர் ஏறத்தாழ 1,025 கிராம். அதனால் லேசான நல்ல தண்ணீர் மேலேயும் கனமான உப்புத் தண்ணீர் கீழேயும் நிற்கின்றன. குழம்பில் எண்ணெய் மிதப்பது மாதிரி. எண்ணெய் மாதிரி முழுசாக ஒட்டாமல் இருக்காது, நடுவில் கொஞ்சம் கலக்கும்.

அந்த 25 கிராம் வித்தியாசத்தில் பெரிய கணக்கு ஒளிந்திருக்கிறது. 1,000-ஐ 25-ஆல் வகுத்தால் 40. நம் நிலத்தடி நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்தில் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்புத் தண்ணீரை அழுத்தி வைத்திருக்கும். மேலே இரண்டு அடி என்றால் கீழே 80 அடி. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்துச் சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, உலகத்தில் எல்லாக் கடற்கரை மணலுக்கும் இதுதான்.

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து, ஊர் முழுக்கத் தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கிவிட்டால்? கீழே இருக்கும் உப்பு 40 அடி மேலே ஏறி வரப் பார்க்கும். ஒரே நாளில் வராது. மெதுவாக வரும், ஆனால் வரும். "ஒரு அடிதானே இறங்கிச்சு" என்று நாம் நினைக்கும்போது, அடியில் நாற்பது அடி போய்க்கொண்டிருக்கிறது.

ஆழமா போட்டா சரியாகுமா?

மேற்கே பாறை நிலத்தில் நூறு அடியில் தண்ணீர் இல்லாவிட்டால் இருநூறு, முந்நூறு என்று இறக்குவார்கள். பாறை வெடிப்பில் தண்ணீர் மாட்டலாம். அந்தப் பழக்கத்தை இந்த மணல் மேட்டுக்குக் கொண்டு வரக்கூடாது. இங்கே ஆழமாகப் போகப் போக நல்ல தண்ணீரைத் தாண்டி உப்பைத் தொடுகிறோம். குழாயின் அடி உப்புக்குப் பக்கத்தில் இருந்தால், மோட்டார் ஓட ஓட உப்பு கூம்பு மாதிரி கீழிருந்து எழும்பிக் குழாயை நோக்கி வரும். கிணறு கெட்ட பிறகு மோட்டாரை நிறுத்தினாலும் சட்டென்று இறங்காது.

எவ்வளவு உப்பு கலந்தால் கெடும்? கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டே குடம் கடல் தண்ணீர் கலந்தால், லிட்டருக்கு 700 மில்லிகிராம் உப்பு கூடிவிடும். குடிநீரில் கரைந்த உப்பு மொத்தம் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆக நூற்றுக்கு இரண்டு குடம் போதும், நல்ல அளவைத் தாண்டிவிடுகிறது. நூற்றுக்கு ஆறு குடம் கலந்தால் கடைசி எல்லையும் தாண்டிப் போச்சு.

இன்னொரு கணக்கு. ஒரு ஏக்கரில் வருடம் முழுக்க 1,200 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 400 லாரி! அவ்வளவும் நமக்குக் கிடைக்காது. வெயில் குடிக்கும், மரம் குடிக்கும், கடல் பக்கமும் கொஞ்சம் கசிந்து போகும். ஐந்தில் ஒரு பங்கு அடியில் தங்குகிறது என்று வைத்தால் 80 லாரி. மணிக்கு 20,000 லிட்டர் இறைக்கிற மோட்டார், தினம் எட்டு மணி நேரம் ஓடினால், ஒரு ஏக்கரின் ஒரு வருடச் சேமிப்பை ஆறே நாளில் காலி செய்துவிடும். நம் குழுச் சேமிப்பில் மாதச் சந்தாவைப் போட்டுவிட்டு, அதைப் போல நூறு மடங்கு கடனாக எடுத்துக்கொண்டே இருந்தால் குழு எத்தனை நாள் நிற்கும்? அது மாதிரிதான்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில் நடந்தது எல்லோருக்கும் பாடம். நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் விவசாயத்துக்கும் என்று பல வருடங்கள் நிலத்தடி நீரை எடுத்ததில், கடல் தண்ணீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. 1960-களிலேயே தெரிய ஆரம்பித்த பிரச்சினை இது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் கரித்தன, வயல்கள் கெட்டன. அங்கே மழைநீரைச் சேர்க்கத் தடுப்பணைகள் கட்டி, இன்றுவரை போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கும் மணல் நிலத்துக்கு, ஆழ்குழாய்க் கிணறு போட என்று குழுவில் கடன் கேட்டு வந்தால், தீர்மானப் புத்தகத்தில் எழுதுமுன் இதைப் பேசுங்கள். அந்த உறுப்பினரை அவமானப்படுத்துவதற்காக இல்லை. கரிக்கும் தண்ணீர் வந்தால் பயிர் வராது, ஆனால் தவணை மாதாமாதம் வரும். அதே பணத்தில் பாதிக்கும் குறைவாக, ஆழம் குறைந்த உறைக்கிணறு இறக்கி, சின்ன மோட்டார் வைத்து, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று இறைத்தால் பெரும்பாலும் நல்ல தண்ணீரே வரும். ஒரே இடத்தில் பெரிய மோட்டார் போடுவதைவிட, தள்ளித் தள்ளி இரண்டு மூன்று சின்னக் கிணறு மேல். பிறகு சொட்டுநீர்.

சட்டமும் இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி, கடல் ஏற்றக் கோட்டில் இருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை. அங்கே குடியிருக்கும் உள்ளூர் மக்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு எடுப்பதற்கு மட்டும் விலக்கு. மணல் மேடுகளும் அந்த விதிகளில் அதிகப் பாதுகாப்பு உள்ள பிரிவில்தான் வருகின்றன. உங்கள் குப்பத்துக்குப் பக்கத்தில் யாராவது மேட்டை வெட்டி லாரியில் ஏற்றினால், அது மணல் மட்டும் போவதாக நினைக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டியையே உடைத்து எடுத்துப் போகிறார்கள். கிராம சபையில் எழுந்து கேட்கலாம், மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். மேட்டை மட்டமாக்கி, மேலே கிராவல் கொட்டிச் சிமெண்ட் போட்ட மனைகளும் அப்படித்தான். அந்த இடத்தில் விழும் மழை மணலுக்குள் போகாது. பக்கத்துக் கொல்லைக் கிணறு காரணம் தெரியாமல் கரிக்கும்.

சுனாமி சொல்லிக்கொடுத்தது

2004 டிசம்பர் 26-இல் கடல் உள்ளே வந்தபோது கிணறுகள் கடல் தண்ணீரால் நிரம்பின, நிலத்தில் உப்புப் படிந்தது. இனிமேல் இந்த மண்ணில் ஒன்றும் முளைக்காது என்றே பலர் நினைத்தார்கள். 2005 பருவமழை மிகப் பலமாகப் பெய்தது. மணல் நிலங்களில் உப்பு கரைந்து கீழே போய்விட்டது. தண்ணீரைப் பிடித்து வைக்காத அந்தக் குணம், உப்பையும் பிடித்து வைக்கவில்லை! நாகப்பட்டினம் பக்கத்துக் களி வயல்களில் அவ்வளவு சுலபமாக இல்லை. அங்கே வரப்புக் கட்டி நல்ல தண்ணீர் தேக்கி வடித்து, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது என்று வேலை செய்தார்கள்.

இதில் ஒரு விஷயம். உவர் என்றாலே ஜிப்சம் வாங்கு என்று கடைக்காரர் சொன்னால் உடனே வாங்காதீர்கள். வெறும் உப்புப் படிந்த மணலுக்கு மழையும் நல்ல தண்ணீரும்தான் மருந்து. ஜிப்சம் தேவைப்படுவது, சோடியம் ஏறி இறுகிப்போன களர் மண்ணுக்கு. எது என்று மண் பரிசோதனையில்தான் தெரியும்.

எந்த இடத்தில் எது வரும்?

மணல் மேட்டில் வேர்க்கடலை நன்றாக வரும். பூ பூத்து ஊசி இறங்க இளகிய மண் வேண்டும், காய் பிடுங்குவதும் சுலபம். இறவைக் கடலைக்கு 40-45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பது, காய் திரள்வதற்கான சுண்ணாம்புச் சத்துக்காக. இது உவருக்குச் சொன்ன ஜிப்சம் கணக்கில் சேராது. தர்பூசணிக்கு நிலம் முழுக்க எரு போட வேண்டாம், குழி எடுத்துக் குழியில் மட்டும் மக்கிய எருவும் மேல் மண்ணும் நிரப்பி விதைத்தால் போதும். முருங்கை, முந்திரி, சப்போட்டா, தென்னை எல்லாம் தாங்கும். பனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடலைப் பார்த்த பக்கம் சவுக்கோ புன்னையோ இரண்டு வரிசை நட்டுவிட்டு உள்ளே காய்கறி வையுங்கள். சவுக்கு வேரில் இருக்கும் நுண்ணுயிர் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதால், சத்தே இல்லாத மணலிலும் அது வளர்கிறது.

தண்ணீர் லேசாகக் கரிக்கிற இடத்தில் பீன்ஸ், வெங்காயம் வேண்டாம், அவை கொஞ்சம் உப்பைக்கூடத் தாங்காது. தக்காளி, மிளகாய், கடலை ஓரளவு தாங்கும். பருத்தி, பீட்ரூட், தென்னை இன்னும் தாங்கும்.

கால்வாய் ஓரத்துச் சேற்று நிலத்தில் பணத்தைப் போட்டுத் திருத்தப் பார்ப்பது வீண் என்பது எங்கள் கருத்து. அது மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்கிற இடம், வெள்ளம் வந்தால் விரிந்து நிற்கிற இடம். அதற்கு மேற்கே ஏரிப் பாசனத்தில் உப்புத் தட்டும் வயல் இருந்தால், கோ 43 போல உப்பைத் தாங்கும் நெல் ரகம் கேளுங்கள்.

மணலைப் பக்குவப்படுத்துவது எப்படி? மக்கிய தொழுவுரம், ஏக்கருக்கு 5 டன் மக்கிய தென்னை நார்க்கழிவு, ஏரி வண்டல். செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம்தானே. தாசில்தார் அனுமதியோடு விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழுவே சேர்ந்து மனு கொடுத்து, டிராக்டர் வாடகையைப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். உப்பங்கழிச் சேற்றை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள், உப்பைக் காசு கொடுத்துக் கொல்லைக்குக் கொண்டு வந்த மாதிரி ஆகிவிடும். கோடையில் செடியைச் சுற்றித் தென்னை ஓலையோ சவுக்குச் சருகோ மூடி வையுங்கள். சூடும் குறையும், தண்ணீரும் மிச்சமாகும்.

நீங்களே பார்க்கலாம்

வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கலாக நின்று கடைசியில் படிவது களி. மூன்று அடுக்கையும் ஸ்கேல் வைத்து அளந்தால் உங்கள் கொல்லை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துச் செய்யச் சொல்லுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

உப்பு எவ்வளவு என்பதை நாக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் நாக்கு பழகிவிடும். மண் மாதிரி எடுத்துத் திருப்போரூர் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்தால் பரிசோதனைக்கு அனுப்பி வைப்பார்கள். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம். அறிக்கை வந்ததும் அதில் மின் கடத்தும் திறன் என்ற இடத்தைப் பாருங்கள். மண்ணைக் கூழாக்கிப் பிழிந்த சாற்றில் பார்த்த அளவு 4-க்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். எந்த முறையில் பார்த்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், முறை மாறினால் எண்ணும் மாறும்.

தண்ணீருக்கு, ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியை வைத்துப் பார்க்கப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். பெரும்பாலும் நம் குழுப் பெண்களாகத்தான் இருப்பார்கள். குளோரைடு 250 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, 1,000-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது.

இதோடு ஒரு கயிறும் ஒரு நோட்டும் போதும். கயிற்றில் கல்லைக் கட்டி, கிணற்று விளிம்பில் இருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். வருடத்தில் இரண்டு தடவை, மழை முடிந்து தை மாதம் ஒன்று, வெயில் முடிகிற ஆனி மாதம் ஒன்று. பக்கத்திலேயே குளோரைடு எவ்வளவு என்றும் எழுதுங்கள். ஒரு தெருவில் நாலு கிணறு, ஒரு ஊரில் பத்துக் கிணறு என்று எடுத்தால், இரண்டு மூன்று வருடத்தில் எந்தப் பக்கம் இருந்து உப்பு வருகிறது, கடல் பக்கமா, கால்வாய்ப் பக்கமா, இல்லை யாரோ ஒருவரின் பெரிய மோட்டார் பக்கமா என்று நோட்டே காட்டிக்கொடுக்கும். கிராம சபையில் பேசும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வரும் தை மாதம் அளக்க ஆரம்பிக்கும் குழுக்கள், பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில் அந்தக் கணக்கைக் கொண்டு வந்து காட்டுங்கள். பக்கத்து ஊர்க் குழுக்களின் கணக்கோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம்.